தேர்தல் நேரத்தில் பாட் கணக்குகளை இனங்காண்பது எப்படி?

சிங்கப்பூரின் 2025 பொதுத் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் சித்தி மகள் ஒரு ஃபேஸ்புக் பதிவை அனுப்பி, “அண்ணே, இதுக்குக் கீழ எழுதியிருக்கிறவங்க எல்லாம் உண்மையிலேயே ஆளுங்கதானா?” என்று கேட்டாள். ஒரு வேட்பாளரின் பேச்சைப் பற்றிய பதிவு அது. இருநூறுக்கும் மேற்பட்ட கருத்துகள். அவற்றில் பத்துப் பன்னிரண்டு ஏறக்குறைய ஒரே வாக்கியம். பெயர்கள் வேறு, படங்கள் வேறு. அன்றிரவு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகத் திறந்து பார்த்தோம். ஐந்து கணக்குகள் வலுவான சந்தேகத்தைக் கொடுத்தன. மூன்று நிச்சயமாக மனிதர்கள். மீதி என்னவென்று கடைசிவரை சொல்ல முடியவில்லை.

அந்த இரண்டு மணி நேர வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இதைச் செய்யக் கணினி படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு கைப்பேசி, ஒரு நோட்டுப் புத்தகம், கொஞ்சம் பொறுமை போதும்.

சின்ன நாட்டுத் தேர்தலில் இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். ஜாலான் காயு தனித்தொகுதியில் 2025ல் வெற்றி தோல்வியைப் பிரித்தது சுமார் 800 வாக்குகள். பாட்கள் அந்த முடிவைத் தீர்மானித்தன என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம் ஊரில் நான்கைந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் இருப்பவர்களின் மனநிலைகூட ஒரு தொகுதிக்குப் பெரிய விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எதைத் தேடுகிறோம்?

பாட் என்பது ஒரு நிரல் நடத்தும் கணக்கு. எந்தச் சொல்லைக் கண்டால் பதில் போடுவது, எந்தப் பதிவை எத்தனை மணிக்குப் பகிர்வது என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, அதை இயக்குபவர் தூங்கப் போய்விடலாம். ஆனால் நாம் பேச்சு வழக்கில் பாட் என்று சொல்வதில் பாதி இந்த வகை அல்ல. ஓர் அறையில் அடுக்கிய கைப்பேசிகளை ஒரே ஆள் மாற்றி மாற்றி இயக்குவது உண்டு. மாதச் சம்பளத்துக்குக் கருத்து எழுதும் ஆட்கள் உண்டு. ஒரு பகுதியை நிரலும் ஒரு பகுதியை மனிதரும் செய்யும் கலப்புக் கணக்கும் உண்டு. இவர்களோடு கட்சி மீதுள்ள பற்றால் நாள் முழுக்க எழுதிக்கொண்டிருக்கும் நிஜத் தொண்டர்களும் கலந்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது இந்த ஐந்தும் ஒன்றுபோலவே தெரியும்.

அதனால் “இது பாட்டா, மனிதரா?” என்ற கேள்வியைவிட, “இந்தக் கணக்குகள் தனித்தனியாக இயங்குகின்றனவா, யாரோ ஒருவர் சேர்த்து இயக்குகிறாரா?” என்ற கேள்விதான் பயனுள்ளது. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

நடந்தவை சில

2016 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது டுவிட்டரில் நடந்த அரசியல் உரையாடலை ஆய்வாளர்கள் ஆராய்ந்து, சுமார் 4 லட்சம் பாட் கணக்குகள் அதில் பங்கேற்றிருக்கலாம் என்றும், மொத்தப் பதிவுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றுடையது என்றும் கணித்தார்கள். ருமேனியாவில் 2024 நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலின் முதல் சுற்றை அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் டிசம்பர் 6ஆம் தேதி செல்லாது என்று அறிவித்தது. அதற்கு முன் வெளியிடப்பட்ட உளவுத்துறை ஆவணங்கள், வாக்களிப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது திடீரென்று சுறுசுறுப்பான சுமார் 25,000 டிக்டாக் கணக்குகளைப் பற்றிப் பேசின.

நம் வீட்டு வாசலிலும் இது நடந்திருக்கிறது. 2024 ஜூலையில் உள்துறை அமைச்சு, எக்ஸ் (முன்னைய டுவிட்டர்), ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், யூடியூப், டிக்டாக் ஆகிய ஐந்து தளங்களிலும் 95 கணக்குகளை சிங்கப்பூர்ப் பயனாளர்களுக்குத் தெரியாதபடி முடக்க உத்தரவிட்டது. சீனாவை விட்டு வெளியேறிய தொழிலதிபர் குவோ வெங்குயின் கட்டமைப்போடு தொடர்புடைய கணக்குகள் அவை. அந்த ஆண்டு மே மாதம் நடந்த பிரதமர் மாற்றத்தை ஒட்டி, சிங்கப்பூர் வெளிநாட்டுச் சக்தியின் பிடியில் இருக்கிறது என்ற கதையை அவை காணொளிகளாகப் பரப்பின. அதே ஆண்டு அக்டோபரில் 10 போலி இணையத்தளங்களும் முடக்கப்பட்டன. அவற்றில் சில, சிங்கப்பூர் வாசகருக்குப் பழகிய சொற்களையும் இங்குள்ள செய்தி நிறுவனங்களை நினைவூட்டும் பெயர்களையும் தாங்கியிருந்தன.

முதல் படி: பதில் எழுதாமல் பிடித்து வையுங்கள்

கோபம் வரவைக்கும் கருத்தைப் பார்த்தவுடன் பதில் எழுதத்தான் கை போகும். எழுதாதீர்கள். நீங்கள் எழுதும் பதிலே அந்தக் கருத்தை மேலே தூக்கிவிடும். அதிகம் பேசப்படுவதையே தளங்கள் மேலும் பலருக்குக் காட்டுகின்றன.

ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கின் பெயர், நேரம், எந்தப் பதிவின் கீழ் வந்தது என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். பதிவின் இணைப்பையும் தனியே சேமியுங்கள். இப்படிப்பட்ட கருத்துகள் ஒரு நாளில் அழிந்துவிடுவது சாதாரணம். மறுநாள் தேடினால் கணக்கே இருக்காது.

இரண்டாம் படி: கணக்கின் பக்கத்தைத் திறங்கள்

ஃபேஸ்புக்கில் தனிநபர் கணக்கு என்றால் படங்களின் தேதியைப் பாருங்கள். முகப்படமும் மேலே உள்ள அட்டைப்படமும் ஒரே நாளில் ஏற்றப்பட்டு, அதன் பிறகு பல மாதங்கள் எதுவுமே இல்லாமல், தேர்தல் அறிவிப்பு வந்ததும் கருத்துகள் மட்டும் கொட்டுகின்றனவா? இது முதல் குறி. ஒரு நிஜ மனிதரின் பக்கத்தில் பிறந்தநாள் வாழ்த்து, யாரோ டேக் செய்த கல்யாணப் படம், மகனின் தொடக்கநிலை 1 முதல் நாள், தீபாவளி முறுக்கு என்று மற்றவர்களின் கைரேகை படிந்திருக்கும். போலிக் கணக்கில் மற்றவர்கள் இருக்க மாட்டார்கள். அந்த வெறுமையைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஃபேஸ்புக்கில் பொதுப் பக்கம் என்றால் வேலை இன்னும் எளிது. பக்கத்தின் அறிமுகப் பகுதியில் ‘பேஜ் டிரான்ஸ்பரன்சி’ என்று ஒன்று இருக்கும். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, எத்தனை முறை பெயர் மாற்றியது, அதை நிர்வகிப்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை அங்கே காணலாம். சமையல் குறிப்புப் பக்கமாகப் பிறந்து, ஆள் சேர்ந்த பிறகு ‘சிங்கப்பூர் உண்மைக் குரல்’ மாதிரி ஒரு பெயருக்கு மாறியிருந்தால் நிதானமாக யோசிக்க வேண்டும்.

இன்ஸ்டகிராமில் மூன்று புள்ளிகளைத் தொட்டால், ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற பகுதியில் சேர்ந்த தேதியும் நாடும் வரும். எக்ஸ் தளத்தில் பெயருக்குக் கீழே சேர்ந்த மாதம் இருக்கும். 2025 நவம்பர் முதல் அதைத் தொட்டால், கணக்கு எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது, பயனர் பெயர் எத்தனை முறை மாறியது என்பதும் தெரிகிறது. இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் செயலி போட்டவர்களுக்கு நாடு மாறித் தெரியலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பெயருக்குப் பின்னால் எட்டு இலக்க எண் இருந்தால் பாட் என்று பலரும் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். எக்ஸில் புதிதாகச் சேரும்போது தளமே அப்படி ஒரு பெயரைக் கொடுத்துவிடும். அதை மாற்றத் தெரியாத அத்தைமார்கள் எத்தனையோ பேர்.

முகப்படத்தை, படத்தை வைத்தே தேடித் தரும் கூகல் லென்ஸிலோ டின்ஐயிலோ கொடுத்துத் தேடுங்கள். வேறொரு நாட்டு நடிகரின் படமோ, படக் கடையில் விற்கும் படமோ அகப்பட்டால் அது நல்ல சான்று. ஒன்றும் அகப்படாவிட்டால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய முகத்துக்கு மூலப்படம் என்று ஒன்று கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன்வரை அப்படிப்பட்ட முகங்களில் இரண்டு காதிலும் வேறு வேறு தோடு இருக்கும், பின்னணி உருகி ஓடியதுபோல இருக்கும், கண்கள் எப்போதும் படத்தின் ஒரே இடத்தில் இருக்கும். இப்போது வரும் படங்களில் அந்தக் குறைகள் பெரும்பாலும் இல்லை.

மூன்றாம் படி: நேரத்தைக் குறித்து வையுங்கள்

சந்தேகப்படும் கணக்கின் கடைசி 30, 40 பதிவுகளின் நேரத்தை நோட்டில் எழுதுங்கள். மனிதர் தூங்குவார். வேலைக்குப் போவார். எம்ஆர்டி ரயிலில் வரும்போது எழுதுவார், சனிக்கிழமை காணாமல் போவார். மூன்று நாட்கள் தொடர்ந்து இருபத்து நான்கு மணி நேரமும் பதிவு வந்தாலோ, சொல்லிவைத்ததுபோல நான்கு நிமிடத்துக்கு ஒன்று வந்தாலோ அங்கே நிரல் இருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் மெட்டா நிறுவனம் சீனாவிலிருந்து இயங்கிய ஒரு பெரிய கட்டமைப்பைக் கலைத்தது. 7,704 ஃபேஸ்புக் கணக்குகள், 954 பக்கங்கள். அந்தக் கணக்குகள் பெய்ஜிங் நேரப்படி காலையில் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடைவெளி விட்டு, ஷிஃப்ட் போட்டதுபோலப் பதிவிட்டதை மெட்டா கண்டுபிடித்தது. அமெரிக்க வாசகருக்கு இது நல்ல துப்பு. நள்ளிரவில் எழுதும் ‘டெக்சஸ்காரர்’ உடனே கண்ணில் படுவார். நமக்கோ பெய்ஜிங், கோலாலம்பூர், மணிலா, பெர்த் எல்லாம் ஒரே கடிகாரம். அங்கே அலுவலக நேரம் என்றால் இங்கேயும் அலுவலக நேரம். ஆகவே எத்தனை மணிக்கு எழுதுகிறார் என்பது சிங்கப்பூரில் அதிகம் உதவாது. எவ்வளவு சீராக எழுதுகிறார் என்பதுதான் உதவும்.

இன்னொன்றையும் பாருங்கள். பதிவு வெளியாகிப் பதினைந்து வினாடிக்குள் நாற்பது சொல் தமிழ்க் கருத்து வந்தால், அதை யாரும் கைப்பேசியில் தட்டியிருக்க முடியாது. ஏற்கெனவே எழுதி வைத்ததை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியவர் மனிதராகவும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

நான்காம் படி: கூட்டத்தைப் பாருங்கள்

இந்தப் படிக்காகத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டு வந்தேன். மற்ற படிகளுக்கு ஐந்து நிமிடம் போதும் என்றால் இதற்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

ஒரு கூகல் ஷீட்டைத் திறந்து நான்கு பத்தி போடுங்கள்: கணக்கின் பெயர், நேரம், எந்தப் பக்கத்தின் எந்தப் பதிவு, எழுதிய வாக்கியம். சந்தேகமான கருத்திலிருந்து ஆறேழு சொல் கொண்ட ஒரு துண்டை எடுத்து, மேற்கோள் குறிக்குள் இட்டு அந்தத் தளத்தின் தேடலிலும் கூகலிலும் தேடுங்கள். எழுத்துப்பிழை உள்ள துண்டாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே கருத்தை இருவர் எழுதுவது இயல்பு. ‘நாடாளுமண்றம்’ என்று ஒரே பிழையோடு ஆறு பேர் எழுதுவது இயல்பல்ல.

அடுத்து, அதே பக்கத்தின் முந்தைய மூன்று நான்கு பதிவுகளுக்குப் போய்ப் பாருங்கள். அதே கணக்குகள் அங்கேயும் இருக்கின்றனவா? அதே வரிசையில் வருகின்றனவா? ஒன்று எழுதியதற்கு மற்றது விருப்பக்குறி போட்டு, மூன்றாவது ‘சரியாகச் சொன்னீர்கள்’ என்று வருகிறதா? அன்றிரவு நானும் தங்கையும் உறுதியாகச் சந்தேகப்பட்ட ஐந்து கணக்குகளும் இங்கேதான் மாட்டின. தனித்தனியே பார்த்தபோது ஒவ்வொன்றும் ஒழுங்காகவே இருந்தது. அட்டவணையில் போட்ட பிறகுதான், நான்கு வெவ்வேறு பதிவுகளின் கீழும் ஐந்தும் ஏழெட்டு நிமிடத்துக்குள் ஒரே வரிசையில் வந்திருப்பது தெரிந்தது. கட்சிக் கூட்டத்தில் கைதட்டுபவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காகத் தட்ட மாட்டார்கள்.

அப்படியே ஒட்டும் பழக்கம் இப்போது குறைந்து வருகிறது. செயற்கை நுண்ணறிவிடம் ஒரு கருத்தைக் கொடுத்தால் அதையே ஐம்பது விதமாக எழுதித் தந்துவிடும். அப்போது சொற்களைத் தேடிப் பயனில்லை, எலும்புக்கூட்டைத் தேட வேண்டும். முதலில் ஒரு பாராட்டு, பிறகு ‘ஆனால்’, பிறகு விலைவாசி, கடைசியில் ஒரு கேள்வி என்று எல்லாக் கருத்தும் ஒரே அடுக்கில் வருகிறதா என்று பாருங்கள். எப்போதாவது அதிர்ஷ்டம் இருந்தால், ‘ஒரு மொழி மாதிரியாக என்னால் இதற்குக் கருத்துச் சொல்ல இயலாது’ என்று மென்பொருள் மறுத்த வாக்கியமே கருத்தாக ஒட்டப்பட்டிருக்கும். எக்ஸ் தளத்தில் ஆங்கிலத்தில் இப்படி நிறைய அகப்பட்டிருக்கின்றன.

கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்சியை ஆதரிப்பதுதான் நோக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆளும் கட்சிப் பதிவின் கீழ் ஆளும் கட்சியைத் திட்டி, எதிர்க்கட்சிப் பதிவின் கீழ் எதிர்க்கட்சியைத் திட்டும் கணக்குகள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது சண்டை. இங்கே அந்தச் சண்டைக்கு ஆகும் விறகு இனமும் சமயமும்தான். நம் சமூகத்தைப் பொறுத்தவரை, ‘உள்ளூர் இந்தியர்’ ‘வந்த இந்தியர்’ என்று பிரித்துப் பேசும் பதிவுகளையும், 2005ல் இந்தியாவோடு கையெழுத்தான சீக்கா பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டை இழுத்து வைத்து வசைபாடும் பதிவுகளையும் நான் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறேன். அந்த மனக்குறைகளில் சில உண்மையானவை. உண்மையான காயத்தைத்தான் வெளியாள் குத்துவான்.

ஐந்தாம் படி: மொழியைக் கேளுங்கள்

தமிழ் வாசகர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கருவி இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழ் தனி வாசனை உடையது. நாம் ‘அமைச்சகம்’ என்று சொல்வதில்லை, ‘அமைச்சு’ என்போம். ரூபாய் இல்லை, வெள்ளி. ‘எங்க எம்எல்ஏ ஒண்ணுமே செய்யல’ என்று ஒரு ‘யீஷூன்வாசி’ எழுதினால் நிமிர்ந்து உட்காருங்கள். இங்கே சட்டமன்றமும் இல்லை, எம்எல்ஏவும் இல்லை.

ஆனாலும் சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்பளிப்பது தவறு. தஞ்சாவூரிலிருந்து வந்து இருபது ஆண்டுகளாகக் குடிமகனாக வாழும் ஒருவர் இன்னமும் ‘அமைச்சகம்’ என்றுதான் எழுதுவார். சொல்லைவிட நடைமுறை அறிவு நல்ல அளவுகோல். ‘குழுத்தொகுதியில் அந்த ஒருவருக்கு மட்டும் ஓட்டுப் போடாதீர்கள், மற்றவர்களுக்குப் போடுங்கள்’ என்று எழுதுகிறவருக்கு இங்கே வாக்களித்த பழக்கம் இல்லை. குழுத்தொகுதியில் அணிக்குத்தான் வாக்கு, ஆளுக்கு இல்லை. வாக்களிப்புக்கு முந்தைய நாள் பிரசாரம் செய்யக் கூடாத பிரசார ஓய்வு நாள் என்றால் என்னவென்று தெரியாதவரும் அப்படித்தான்.

இயந்திர மொழிபெயர்ப்பும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரே கருத்துக்குள் ‘நீங்கள் சிந்தியுங்கள்’ என்று தொடங்கி ‘நீ ஏமாறாதே’ என்று முடியும். நம் ஆள் யாரும் மரியாதையை அப்படிப் பாதி வழியில் கழற்ற மாட்டார், கோபம் வந்தால் ஒழிய. ஆங்கிலக் கருத்துகளில், நம் ஊர்ப் பேச்சு ஆங்கிலத்துக்கே உரிய ‘லா’வை வாக்கியத்துக்கு வாக்கியம் போடுவதும் ஒரு குறி. காப்பிக்கடையில் உட்கார்ந்து கேட்டால் தெரியும், அந்த ‘லா’வுக்கும் ஓர் இடம் உண்டு.

ஆறாம் படி: உங்கள் சந்தேகத்தையே சந்தேகியுங்கள்

இதை நான் வலியோடு கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிவின் கீழ் ஒரு கணக்கை ‘பாட்’ என்று எல்லார் முன்னிலையிலும் எழுதிவிட்டேன். முகப்படத்தில் ஆர்க்கிட் பூ. பெயருக்குப் பின்னால் எண்கள். நண்பர்கள் பத்துப் பேர்கூட இல்லை. தினமும் காலை ஒரே நேரத்தில் ரோஜாப்பூவோடு ‘இனிய காலை வணக்கம்’. வேறெங்கோ வந்த கருத்தை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார். என் பட்டியலின்படி எல்லாக் குறியும் பொருந்தியது. அவர் அப்பாவின் பழைய நண்பர். கைப்பேசி தொலைந்ததால் பேரன் புதுக் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருக்கிறான். அதிகாலை வேலை பார்த்துப் பழகியவர், ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். எழுபது வயதில் முதல்முறையாக அரசியல் பற்றி நாலு பேர் முன் கருத்துச் சொல்லத் துணிந்தவரை நான் இயந்திரம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாகப் பேசினார். ஆனால் அதன் பிறகு ஃபேஸ்புக்கில் அவர் எழுதவே இல்லை.

ஆகவே முடிவெடுக்கும் முன் இப்படிக் கேட்டுப் பாருங்கள். இவர் மூத்தவராக இருக்கலாமா? இரவு ஷிஃப்ட் பார்ப்பவரா? முதலாளிக்குப் பயந்து தன் பெயரை மறைத்தவரா? கட்சியிலிருந்து வந்த வாசகத்தை ஒட்டிய தொண்டரா? இவர்கள் எல்லாரும் பாட்போலத் தெரிவார்கள். உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்காரர் என்றால் இன்னும் கூடுதலாகவே அப்படித் தெரிவார்கள்.

நான் இப்போது மூன்றே முத்திரை வைத்திருக்கிறேன்: மனிதர், தெரியவில்லை, சேர்ந்து இயங்குகிறது. மூன்றாவது முத்திரையைத் தனிக் கணக்குக்குக் குத்துவதில்லை. குறைந்தது மூன்று கணக்குகள், இரண்டு வெவ்வேறு பதிவுகள், இரண்டு வகைச் சான்று இருந்தால்தான். பெரும்பாலான கணக்குகள் ‘தெரியவில்லை’யில்தான் போய் நிற்கும். அப்படி நிற்பதில் தவறொன்றும் இல்லை.

இணையத்தில் பாட் கண்டுபிடிப்பான்கள் உண்டே என்பீர்கள். இந்தியானா பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘பாட்டோமீட்டர்’ பல ஆண்டுகள் பலருக்கும் உதவியது. 2023ல் எக்ஸ் தளம் தன் தரவைத் திறந்துவிடுவதை நிறுத்திய பிறகு, அது பழைய கணிப்புகளைக் காட்டும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஃபேஸ்புக்குக்கும் டிக்டாக்குக்கும் பொதுமக்கள் கையில் அப்படியொன்று இருந்ததே இல்லை. கண்ணும் அட்டவணையும்தான்.

ஏழாம் படி: கண்டுபிடித்த பிறகு

முதலில் தளத்திலேயே புகார் செய்யுங்கள். ‘போலிக் கணக்கு’ அல்லது ‘ஸ்பேம்’ என்ற பிரிவு பொருந்தும். கூட்டமாகக் கண்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியே புகார் செய்ய வேண்டும், அலுப்பாக இருந்தாலும்.

வாட்ஸ்அப்பில் வந்த செய்தி என்றால் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பல கைகள் மாறி வந்தது என்று பொருள். அப்படிப்பட்ட செய்தியை வாட்ஸ்அப் ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப விடும். தொண்டூழியர்கள் நடத்தும் ‘செக்மேட்’ சேவைக்கு வாட்ஸ்அப் வழியே அனுப்பிச் சரிபார்க்கவும் கேட்கலாம். அரசாங்கத்தின் ‘ஃபேக்சுவலி’ பக்கத்தில் மறுக்கப்பட்ட பொய்கள் இருக்கும்.

குடும்பக் குழுவில் மாமா ஒருவர் அனுப்பியிருந்தால் குழுவிலேயே மறுக்காதீர்கள். தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். “மாமா, இந்தப் படத்தை ஆறு பேரு ஒரே மாதிரி போட்டிருக்காங்க, பாருங்களேன்” என்று அட்டவணையைக் காட்டினால் போதும், அவரே அழித்துவிடுவார். இது பாட்டைப் பிடிப்பதைவிட முக்கியமான வேலை என்று நினைக்கிறேன். 2018ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு, 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளைப் பார்த்தது. பொய் உண்மையைவிட வேகமாகவும் தூரமாகவும் பரவியது. பாட்கள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பரப்பின. வித்தியாசத்தை உண்டாக்கியவர்கள் மனிதர்கள். அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, பாட்கள் ஒரு செய்தி வெளியான முதல் சில கணங்களில் அதைத் தள்ளிவிடுவதையும், பின்தொடர்வோர் அதிகம் உள்ளவர்களைக் குறிவைத்து டேக் செய்வதையும் கண்டது. நூறு பேர் இருக்கும் ஒரு குடியிருப்பாளர் குழுவை நடத்தும் அக்காவும் அந்த வகையில் பெரிய புள்ளிதான்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை கொஞ்சம். இணையப் பொய்களுக்கு எதிராக 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்த பொஃப்மா சட்டத்தின்கீழ், பொய்த் தகவலைப் பரப்புவதற்கென்று பாட் உருவாக்குவதே குற்றம். வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிரான ஃபிக்கா சட்டம் 2021ல் நிறைவேறியது. மேலே சொன்ன 95 கணக்குகள் முடக்கப்பட்டது அதன்கீழ்தான். 2024 அக்டோபரில் நிறைவேறிய இன்னொரு சட்டத்தின்படி, தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்ட நாளிலிருந்து வாக்களிப்பு முடியும்வரை, வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாக நம்பும்படி இயந்திரத்தால் உருவாக்கிய காணொளியையோ குரலையோ இணையத்தில் வெளியிடக் கூடாது. பகிர்வதும் அதில் அடங்கும்.

வேலை அனுமதியில் இருப்பவர்களும் நிரந்தரவாசிகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடிமக்கள் அல்லாதவர்கள் தேர்தல் விளம்பரம் வெளியிடச் சட்டம் இடம் தரவில்லை. 2025 ஏப்ரலில் வெளிநாட்டவர் சிலர் எழுதிய ஃபேஸ்புக் பதிவுகளை சிங்கப்பூரில் தெரியாதபடி முடக்க மெட்டாவுக்கு உத்தரவு போனது. அவர்கள் பாட்கள் அல்லர், பெயரும் முகமும் உள்ள மனிதர்கள். அதனால் ‘பாட் இல்லை’ என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். யார் எழுதுகிறார், எங்கிருந்து எழுதுகிறார் என்ற கேள்வி அதன் பிறகும் இருக்கிறது.

தேர்தல் காலத்தில் கடுமையான ஒன்றைக் கண்டால், குறிப்பாக இனம், சமயம் தொட்ட கூட்டுப் பிரசாரமோ வேட்பாளரின் போலிக் காணொளியோ என்றால், தேர்தல் துறைக்குத் தெரிவியுங்கள். மிரட்டலோ வன்முறைத் தூண்டுதலோ இருந்தால் காவல்துறைக்கு. எழுதும்போது ‘இது பாட்’ என்று தொடங்காதீர்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: இந்த ஐந்து கணக்குகள், இந்த நான்கு பதிவுகள், இந்த நேரங்கள், இந்த வாக்கியம். ஸ்கிரீன்ஷாட்டையும் இணைப்பையும் அட்டவணையையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பிய தேதியை நோட்டில் குறித்துவிட்டு, அந்தக் கணக்குகளை உங்கள் பக்கத்தில் முடக்கிவிடுங்கள்.